பழைய மயிலை இருந்த இடம்: நூற்சான்றும் கற்சான்றும்

சென்னை மாநகரின் தென்பகுதியிலுள்ள மயிலாப்பூர் தமிழிலக்கிய வரலாற்றில் நீங்கா இடம்பெற்ற ஊராகும். பேயாழ்வார் பிறந்த ஊராகவும், வாயிலார் நாயனார் வாழ்ந்த ஊராகவும், திருஞானசம்பந்தர் பூம்பாவைப் பதிகம் பாடிய ஊராகவும் அதனை நம் முன்னோர் போற்றினர். நேமிநாதம் என்னும் இலக்கண நூலுக்குப் பெயர் தந்த நேமிநாதர் கோயில் கொண்டிருந்ததும் இம்மயிலையிலேயே. இத்துணைச் சிறப்புடைய பழைய ஊரும் அதன் கபாலீச்சரமும் எவ்விடத்து இருந்தன என்பதே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகும் பொருள்.

இதில் ஆராய்வதற்கு என்ன உளது என்று சிலர் வினவக்கூடும். பழைய மயிலை கடற்கரையில் இருந்தது. அங்கிருந்த கோயில் கடலாற் கொள்ளப்பட்டது. இன்றுள்ள கோயில் பின்னர் உள்நாட்டில் எடுக்கப்பட்டது என்னும் கூற்று நெடுநாளாக வழங்கி வருகிறது. நூல்களிலும் உரைகளிலும் மாணவர் எழுதும் ஆய்வேடுகளிலும் இக்கூற்று ஐயமின்றி எடுத்தாளப்படுகிறது. ஆயின் இஃது ஒரு கூற்று அன்று; மூன்று கூற்றுகளின் தொகுதி. ஊர் கடற்கரையில் இருந்தது என்பது ஒன்று. கோயில் இன்றுள்ள இடத்தினும் வேறாகிய இடத்தில் இருந்தது என்பது மற்றொன்று. அதனை அழித்தது கடல் என்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் உரிய சான்றுகள் வெவ்வேறு தன்மையன. ஒன்றற்குக் காட்டப்படும் சான்றை மற்றொன்றற்கும் சான்றாகக் கொள்வதாலேயே குழப்பம் நேர்கிறது. ஆதலின் அவற்றைத் தனித்தனியே எடுத்து நோக்குவோம்.

ஒப்புநோக்குக்கு ஒரு நகர்

பழைய நூல்களைத் துணைக்கொண்டு மறைந்த ஊர்களை இடங்காணும் முயற்சி விவிலிய நாட்டில் மிகுதியாக நடைபெற்றுள்ளது. அங்கு அறிஞர் கையாண்ட நெறியை முதற்கண் அறிந்துகொள்ளல் நமக்குப் பயன்தரும். கானானியரின் கேசேர் என்னும் நகரை எடுத்துக்கொள்வோம். யோசுவாவின் நூல் அந்நகரின் அரசனைக் குறிப்பிடுகிறது; எப்பிராயீமர் அங்கு வாழ்ந்த கானானியரைத் துரத்திவிடவில்லை என்றும் கூறுகிறது. எகிப்திய மன்னன் அந்நகரைக் கைப்பற்றிச் சாலொமோனுக்கு மனைவியான தன் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தான் என்பது அரசர் நூற் செய்தி. இக்குறிப்புகளால் நகரின் சிறப்பு விளங்கிற்றேயன்றி இடம் விளங்கவில்லை. கி.பி. 4ஆம் நூற்றாண்டினராகிய யூசிபியசு விவிலிய ஊர்ப்பெயர்களைத் தொகுத்தபொழுது, நிக்கபோலி நகரிலிருந்து நான்கு உரோமானிய மைல் தொலைவில் அஃது உளது எனக் குறித்தார். அதன்பின்னும் பல நூற்றாண்டுகள் நகரின் இடம் அறியப்படாமலே கிடந்தது.

பிரெஞ்சு அறிஞர் கிளெர்மோன் கன்னோ, எருசலேமின் வரலாற்றை எழுதிய முசீருத்தீன் என்னும் அரபு ஆசிரியரின் நூலைப் பயின்றபொழுது, பிற்காலத்துப் பூசல் ஒன்றைப் பற்றிய செய்தியில் கேசேர் என்னும் பெயரையொத்த மேட்டுப்பெயர் வருதலைக் கண்டார். 1871இல் அம்மேட்டைத் தேடிக் கண்டு, அதுவே பழைய கேசேர் எனத் துணிந்தார். அத்துணிபு 1874 வரையில் கருத்தாகவே நின்றது. அவ்வாண்டில் மேட்டைச் சூழ்ந்த பாறைகளில் ‘கேசேரின் எல்லை’ எனப் பொருள்படும் எபிரேய எழுத்துகள் வெட்டப்பட்டிருத்தலை அவரே கண்டறிந்தார். பாறை ஓரிடத்தினின்றும் பெயர்த்துச் செல்லப்படும் பொருள் அன்று. ஆதலின் ஐயம் நீங்கிற்று.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் அந்நாட்டில் உண்டு. ஆயி என்னும் ஊரை எத்தெல் எனப்படும் மேட்டோடு பலர் பொருத்தினர். ஆயின் 1933 முதல் 1935 வரை நிகழ்ந்த அகழாய்வில், யோசுவாவின் காலமாகப் பொதுவாகக் கருதப்பட்ட காலத்தில் அம்மேடு குடியிருப்பின்றிக் கிடந்தமை தெரியவந்தது. அதனால் அப்பொருத்தம் இன்றும் வழக்கிற்கு உரியதாகவே உளது.

இவ்விரண்டாலும் நாம் கொள்ளத்தக்க நெறி யாது? நூல் ஊரைச் சுட்டும்; பெயர் தேடும் திசையைக் காட்டும்; இடத்தை உறுதிசெய்வது இடம்பெயராத கல்லும் மண்ணுமே. இந்நெறியை அளவுகோலாகக் கொண்டு மயிலைக்கு வருவோம்.

தாலமியின் குறிப்பு

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் நிலநூல் எழுதிய தாலமி, கீழைக் கடற்கரை ஊர்களை வரிசையாகக் கூறுமிடத்து ஒரு வணிகப்பட்டினத்தைக் குறிக்கிறார். அதன் பெயர் சுவடிதோறும் வேறுபட்டு மனர்பா, மலியர்பா, மனலியர்பா எனப் பலவாறாகக் காணப்படும். இதனை மயிலாப்பூர் என்று கொண்டோர் பலர். ஊரின் பழைய வடிவம் ‘மயிலார்ப்பு’ அல்லது ‘மயிலார்ப்பில்’ எனக் கல்வெட்டு வழக்கால் அறியப்படுதலின், அயற்பெயரின் இறுதியில் நிற்கும் ‘அர்பா’ என்னும் ஒலி ‘ஆர்ப்பு’ என்பதனோடு நன்கு பொருந்துகிறது. ஆர்ப்பு என்பது ஆரவாரம். மயில் அகவும் ஊர் என்பது பெயர்ப்பொருள் ஆகலாம். இஃது இப்பொருத்தத்திற்கு ஆதரவான செய்தி.

ஆயின் வரிசையை நோக்குமிடத்து ஓர் இடர்ப்பாடு தோன்றுகிறது. தாலமி பொதுகே, மெலாங்கே என்னும் பட்டினங்களை முதலிற் கூறி, அடுத்துத் தைனா என்னும் ஆற்றின் முகத்தையும், அதன்பின் கொட்டிசு என்னும் ஊரையும், அதற்கும் பின்னர் இம்மனர்பாவையும் வைக்கிறார். அவர் தெற்கிலிருந்து வடக்காகச் செல்கிறார். தைனா என்பது நெல்லூரின் பக்கத்தே கடலிற் கலக்கும் வடபெண்ணை என்று கொள்வாருளர். அக்கொள்கை மெய்யாயின் மனர்பா பெண்ணைக்கு வடக்கே செல்லவேண்டும். மயிலை பெண்ணைக்குத் தெற்கே உளது. எனவே மனர்பாவை மயிலை என்போர் தைனாவை வேறோர் ஆறாகக் கொள்ளுதல் வேண்டும். அன்றேல் தாலமியின் வரிசை பிறழ்ந்தது எனல் வேண்டும். அவர் கேள்வியுற்ற செய்திகளைத் தொகுத்தவராதலின் வரிசை பிறழ்தல் இயலாதது அன்று. எனினும், பெயர் ஒத்துவரும்பொழுது அவரை நம்பி, வரிசை ஒவ்வாதபொழுது அவரை ஒதுக்குதல் நடுநிலையான முறை ஆகாது. தாலமியின் மனர்பா மயிலையாதல் கூடும் என்று கூறி அமைதலே தக்கது. அவ்வாறே ஆயினும் அக்குறிப்பு ஊர் ஒரு துறைமுகம் என்பதை மட்டும் உணர்த்தும். கோயிலின் இடத்தைப் பற்றி ஏதும் உணர்த்தாது.

தமிழ் நூல்கள் கூறுவன

இனி நம் இலக்கியங்களை நோக்குவோம். சம்பந்தர் கி.பி. 7ஆம் நூற்றாண்டில் பாடிய பூம்பாவைப் பதிகம் மயிலையைப் புன்னை மரங்கள் நிறைந்த கானலுடைய ஊராகக் காட்டுகிறது. அங்குக் கபாலீச்சரத்தில் நிகழும் விழாக்களை நிரல்படக் கூறுமிடத்து ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், பங்குனி உத்தரம் ஆகியவற்றோடு மாசியிற் கடலாடுதலும் சொல்லப்படுகிறது. ஆழ்வார்களின் பாடல்களில் மயிலையும் திருவல்லிக்கேணியும் சேர்த்தே வழங்கப்படுகின்றன. அலைகள் பவளமும் முத்தும் கொணரும் கரையாக அப்பகுதி புனையப்படுகிறது. மூன்றாம் நந்திவர்மனைப் பாடிய நந்திக்கலம்பகம் அவனை மல்லைக்கும் மயிலைக்கும் தலைவனாகப் போற்றுகிறது. கி.பி. 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் வாயிலார் வரலாற்றைப் பாடும்பொழுது, மயிலைக் கரையில் மரக்கலங்கள் யானைக் கன்றுகளை இறக்குதலைச் சொல்லோவியமாகத் தீட்டுகிறார். 15ஆம் நூற்றாண்டினராகிய அருணகிரிநாதர் தம் திருப்புகழில் மயிலைப் பதியைக் கடற்கரையின் அலைகளுக்கு அருகே வைத்துப் பாடுகிறார்.

இவற்றால் ஊர் கடலைச் சார்ந்து விளங்கிற்று என்பது ஐயத்திற்கு இடமின்றிப் பெறப்படும். எண்ணூறு ஆண்டுக் காலப்பரப்பில் வாழ்ந்த புலவர் பலர் ஒருமுகமாகக் கூறுவதை ஒதுக்குதற்கு இயலாது. முதற் கூற்று நிலைநாட்டப்பெற்றது என்க.

இரண்டாம் கூற்றுக்கும் இப்பாடல்களையே சான்றாகக் காட்டுவோர் பலர். சம்பந்தர் கபாலீச்சரத்தைக் கானலோடு சேர்த்துப் பாடினார். இன்றுள்ள கோயிலோ கடலிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் மேற்கே உளது. ஆதலின் அவர் பாடிய கோயில் வேறு என்பர். இக்காரணத்தைச் சற்று ஆழ்ந்து நோக்கல் வேண்டும். நெய்தல் நிலத்து ஊரைப் பாடும் புலவர் புன்னையையும் கானலையும் திரையையும் பாடுதல் மரபு. மரபாகப் பாடப்பட்டமையாலேயே அது பொய் ஆகிவிடாது. ஆயின் அம்மரபு தொலைவை அளந்து கூறுவதும் அன்று.

இதனைச் சோதித்தறிய நமக்கு இரண்டு கோயில்கள் அண்மையிலேயே உள்ளன. ஒன்று திருவான்மியூர் மருந்தீசர் கோயில். சம்பந்தர் அவ்வூரையும் கடலும் சங்கும் சிப்பியும் கழிமீனும் சூழ்ந்த ஊராகவே பாடுகிறார். அக்கோயில் சோழர் காலக் கல்வெட்டுகளை உடையது. இடம் பெயர்ந்தது என்னும் வரலாறு அதற்கு இல்லை. எனினும் அது கரையை ஒட்டி நில்லாது உள்ளே தள்ளியே நிற்கிறது. மற்றொன்று திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலக் கல்வெட்டு அங்கு உளது. ஆழ்வார்கள் அதனைத் திரைகள் மோதும் ஊராகப் பாடினர். அதுவும் கடலோரச் சாலைக்கு மேற்கே, ஊரின் நடுவில் அமைந்ததே. இடம் பெயராத இக்கோயில்களையே கடலருகே இருப்பனவாகப் பாடும் மரபினர், இன்றுள்ள இடத்திலேயே கபாலீச்சரம் இருந்திருந்தாலும் அதனை அவ்வாறே பாடியிருப்பர். ஆகவே பாடல்களை மட்டும் கொண்டு கோயிலைக் கிழக்கே நகர்த்துதல் இயலாது.

மாசிக் கடலாட்டும் இத்தன்மையதே. இறைவன் திருமேனியைக் கடலுக்கு எழுந்தருளச் செய்து நீராட்டும் வழக்கம், கடலினின்றும் தொலைவிலுள்ள கோயில்களிலும் உண்டு; இன்றைய கபாலீச்சரத்திலிருந்தும் மாசி மகத்தன்று திருமேனிகள் கடற்கரைக்கு எழுந்தருளுகின்றன. விழா நடைபெற்றமை கடலின் அண்மைக்குச் சான்றாகுமே தவிர, கோயில் அலைவாயில் நின்றதற்குச் சான்றாகாது.

இவ்விடத்து இன்னொன்றும் நினைவிற் கொள்ளற்பாலது. திருமங்கையாழ்வார் திருவல்லிக்கேணியை மயிலையின் ஒரு பகுதியாகவே வழங்குகிறார். மயிலை என்பது அக்காலத்து ஓர் அகன்ற நிலப்பகுதியின் பெயராகவும் நின்றது. இக்காலத்து மயிலாப்பூரின் எல்லையை மனத்திற்கொண்டு பழம்பாடலிலுள்ள மயிலையை அளத்தல் பிழைபடும்.

கரை நிலையானதா?

ஊர்களையும் கோயில்களையும் கரையினின்றும் அளக்கும்போது, அக்கரை எக்காலத்துக் கரை என்று வினவுதல் முறை. சென்னைக் கடற்கரையில் அலைகளின் போக்கால் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1876இல் தொடங்கப்பட்ட துறைமுக வேலையால் கடலினுள்ளே நீண்ட சுவர்கள் எழுந்து, அம்மணலின் ஓட்டத்தைத் தடுத்தன. அதனால் துறைமுகத்திற்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினாக் கடற்கரை அகன்றது; வடக்கே இராயபுரம் முதலிய பகுதிகளில் கரை அரிக்கப்பட்டது. மணற்சேர்க்கை துறைமுகத்தை அடுத்து மிகுதியாகவும் தெற்கே செல்லச் செல்லக் குறைவாகவும் அமைதல் இயல்பு. எனவே திருவல்லிக்கேணிக்கு எதிரே இன்று காணப்படும் அகன்ற மணற்பரப்பு ஆழ்வார் காலத்துக் கரையைக் காட்டுவது அன்று. சாந்தோம் பகுதியில் இம்மாற்றம் அத்துணைப் பெரிதன்று எனினும், அங்கும் இன்றைய கரையைச் சம்பந்தர் காலத்துக் கரையாகக் கொள்ளுதல் கூடாது. நூற்றைம்பது ஆண்டுகளில் இவ்வளவு மாறிய கரை, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளில் எங்ஙனம் மாறியிருக்கும் என்பதை மண்ணாய்வே சொல்லுதல் வேண்டும்.

அயல்நாட்டார் குறிப்புகள்

அயல்நாட்டார் பலர் இவ்வூரைப் பற்றி எழுதியுள்ளனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, புனித தோமாவின் உடல் அடக்கம் செய்யப்பட்ட ஊரை மாபார் நாட்டுச் சிற்றூர் என்றும், வணிகர் மிகுதியாக வாராத இடம் என்றும் கூறினார். 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த நிக்கோலோ கோந்தி இதனைக் கடற்கரை நகராகக் குறித்தார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பர்போசா எழுதும்பொழுது, முன்னாளிற் பெரிதாக விளங்கிய இந்நகர் தம் நாளிற் பெரும்பாலும் குடிநீங்கிக் கிடந்தது என்கிறார். போர்த்துக்கீசியர் நிலைபெறுவதற்கு முன்னரே ஊர் நலிவுற்றிருந்தது என்பது இதனாற் புலனாகும்.

கடல்கோள் பற்றிய செய்திக்கு ஊற்றாக அமைவன போர்த்துக்கீசியர் கேட்டெழுதிய மரபுக் கதைகள். 1572இல் வெளிவந்த கமோயிசின் பெருங்காப்பியம், தோமாவின் காலத்தில் இந்நகர் கடலினின்றும் நெடுந்தொலைவில் இருந்தது என்கிறது. அக்கதையின்படி கடல் பின்னர் நகரை நோக்கி வந்தது. இது தமிழ்ப் பாடல்களோடு எவ்வாறு இயையும்? சம்பந்தர் காலத்திலேயே ஊர் கடற்கரையில் இருந்ததை முன்னர்க் கண்டோம். எனவே கடல் அணுகியது மெய்யாயின் அது 7ஆம் நூற்றாண்டிற்கு முன்னரே நிகழ்ந்திருத்தல் வேண்டும். அன்றேல் அக்கதை தெய்வத்தன்மையைச் சிறப்பிக்க எழுந்த புனைவு ஆகும். எவ்வாறாயினும் 15ஆம் நூற்றாண்டிற்குப் பின் கபாலீச்சரத்தைக் கடல் கொண்டது என்பதற்கு இக்கதை துணை செய்யாது. சமணரிடத்தும் இத்தகைய மரபு உண்டு. கடலுக்கு அஞ்சி மயிலை நேமிநாதர் திருமேனி மேல்சித்தாமூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்பர். மரபு என்ற அளவில் இது மதிக்கத்தக்கது. ஒரு திருமேனி பெயர்ந்தமைக்குச் சான்றாகலாம். கரையோரத்தில் கடல் ஒரு சிறிது அரித்திருத்தலும் கூடும். முழு ஊரும் மூழ்கியமைக்கு இது சான்றாதல் எங்ஙனம்?

கற்கள் கூறுவன

பாடல்கள் ஐயத்தில் விட்ட இடத்தைக் கற்கள் தெளிவிக்கின்றனவா என்று காண்போம். இன்றைய கபாலீசுவரர் கோயிலின் கட்டடம் பிற்காலத்தது. அதன் கீழைக் கோபுரம் 1906இல் எழுப்பப்பட்டது. சம்பந்தர் பாடிய தலமொன்றில் பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் சுவர்களில் வரிசையாகக் காணப்படுதல் இயல்பு. திருவான்மியூரிலும் திருவொற்றியூரிலும் அவ்வாறே உள்ளன. மயிலையிலோ துண்டுபட்ட கற்களே கிடைக்கின்றன. தொடக்கமும் முடிவும் இழந்த வரிகளை உடைய அக்கற்கள், பழைய கட்டடம் ஒன்று பிரிக்கப்பட்டு அதன் உறுப்புகள் சிதறியமைக்கு அறிகுறியாம்.

அதே வேளையில் சாந்தோம் பகுதியில், தேவாலயத்தின் சூழலிலும் அதனை அடுத்த இடங்களிலும், சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகளும் சிற்ப உறுப்புகளும் கிடைத்துள்ளன. இயேசு சபையைச் சார்ந்த ஓசுத்தன் என்னும் அறிஞர் 1920களில் அவற்றை ஆராய்ந்து, சாந்தோம், மயிலாப்பூர்த் தொல்பொருள்களைப் பற்றி எழுதிய நூல் 1936இல் வெளிவந்தது. அங்குக் கிடைத்தவற்றுள் சைவக் கோயிற் கொடையைக் கூறும் துண்டும் உண்டு. நேமிநாதருக்குக் கொடுத்த கொடையைக் கூறும் துண்டும் உண்டு. பின்னதை மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் எடுத்துக்காட்டிச் சமணக் கோயில் அங்கு இருந்தமையை விளக்கினார்.

உள்ளே உள்ள கோயிலிற் பழைய சுவர் இன்மையும், கரையை ஒட்டிய சாந்தோமிற் பழைய கோயிற்கற்கள் உண்மையும் ஒன்றையொன்று வலியுறுத்துகின்றன. இவ்விரண்டையும் சேர்த்து நோக்க, பழைய கபாலீச்சரம் இன்றுள்ள இடத்திற்குக் கிழக்கே, சாந்தோமைச் சார்ந்த கரைப்பகுதியில் இருந்தது என்பது பெரிதும் ஏற்புடையதாகிறது. இரண்டாம் கூற்று இவ்வாறு பாடலால் அன்றிக் கல்லாலேயே வலிவு பெறுகிறது.

ஆயினும் இங்கும் ஓர் எல்லை உண்டு. கேசேரின் எல்லைக் கல்வெட்டு பெயராத பாறையில் இருந்தது. சாந்தோம் கற்களோ பெயர்ந்தவை. கட்டடக் கல் கிடைத்தற்கு அரிதான மணற்கரையில், இடிந்த கட்டடத்தின் கற்களை எல்லாரும் எடுத்துப் பயன்படுத்துவர். போர்த்துக்கீசியர் 1517இல் இங்கு வந்து 1523இல் தோமாவின் கல்லறையிடத்தைச் செப்பனிட்டனர். பின்னர்க் குடியிருப்பும் மதிலும் எழுப்பினர். 1662இல் கோல்கொண்டாப் படையினர் சாந்தோமைக் கைப்பற்றினர். 1672இல் பிரெஞ்சுக்காரர் பிடித்து 1674 வரை முற்றுகைக்குள் இருந்தனர். அதன்பின் கோட்டை இடிக்கப்பட்டது. 1749இல் ஆங்கிலேயர் கைக்கு இப்பகுதி வந்தது. இன்றுள்ள தேவாலயம் பழைய கட்டடத்தை நீக்கிவிட்டு 1896இல் நிறைவுற்றது. இத்துணைக் கட்டுதலும் இடித்தலும் நிகழ்ந்த இடத்தில் ஒரு கல் கிடைத்தால், அது கிடைத்த இடமே அதன் பிறப்பிடம் எனத் துணிதல் இயலாது. சிவன் கோயிற் கல்லும் சமணக் கோயிற் கல்லும் ஒரே சூழலிற் கிடைத்தலே இதற்குத் தக்க சான்று. இரண்டு கோயில்களும் ஒரே அடித்தளத்தில் நின்றிருக்க மாட்டா. கற்கள் சுற்றுப்புறத்தைக் காட்டும், கருவறையைக் காட்டா.

கடலா, மனிதரா?

மூன்றாம் கூற்று எஞ்சி நிற்கிறது. கோயில் மறைந்தமைக்குக் காரணம் கடல் என்று கொண்டால், கற்களும் கடலுக்குள் இருத்தல் வேண்டும். அவையோ நிலத்தில், பிற்காலக் கட்டடங்களினிடையே கிடைக்கின்றன. இஃது ஒன்றே மனிதரின் கையைச் சுட்டுவதாகும். விசயநகரத்து இராமராயர் 1559 அளவிற் சாந்தோமின்மீது படையுடன் வந்தார் என்றும், அங்குக் கோயில்கள் இடிக்கப்பட்டன என்ற முறையீடு அதற்கு ஒரு காரணம் என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். அருணகிரிநாதர் பாடிய கோயில் 16ஆம் நூற்றாண்டில் அழிவுற்றது என்னும் கருத்து இதனோடு பொருந்துகிறது.

கடல்கோள் என்னும் கருத்து நம்மவரிடையே எளிதில் இடம்பெறுதற்குக் காரணம் உண்டு. குமரிக் கடல்கோளும் காவிரிப்பூம்பட்டினம் கடல்கொண்ட வரலாறும் நம் இலக்கிய நினைவில் ஊறியவை. மறைந்த ஊர் ஒன்றைக் கண்டால் அதனைக் கடல் கொண்டது என்று கூற நம் நா முந்துகிறது. மேலும், கடலைக் குறைகூறின் மனிதர் எவரையும் குறைகூற வேண்டுவதில்லை. இதனால் ஓர் அமைதி கிடைக்கிறது என்பதையும் யாம் மறுக்கவில்லை. ஆயின் வரலாறு அமைதிக்காக எழுதப்படுவது அன்று. பகைக்காக எழுதப்படுவதும் அன்று.

இதனை வற்புறுத்திக் கூறவேண்டிய தேவை உளது. சாந்தோமும் கபாலீச்சரமும் இன்றும் மக்கள் வழிபடும் இடங்கள். பழைய கோயில் இன்ன கட்டடத்தின் அடியில் உளது என்று விரல்நீட்டிக் கூறுவோரும், அங்குக் கோயிலே இருந்ததில்லை என்று மறுப்போரும், இருதிறத்தாரும் சான்றின் எல்லையைக் கடந்து செல்கின்றனர். முன்னோர்க்குக் கற்களும் பாடல்களும் விடையளியா. பின்னோரை அவை மறுக்கும். நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அரசும் அதன் ஆட்களும் செய்ததற்கு இன்று அவ்விடத்து வழிபடும் மக்கள் பொறுப்பாகார். ஆராய்ச்சியாளன் சான்று நிற்கும் இடத்தில் தானும் நிற்றல் வேண்டும். அவ்வாறு நில்லாவிடின் அவன் எழுதிய ஒரு வரி, அவன் எண்ணாத செயலுக்குக் கருவியாகிவிடும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. பழைய மயிலை கடற்கரைத் துறைமுக ஊர் என்பது தமிழ் நூல்களாலும் அயலார் குறிப்புகளாலும் உறுதி. தாலமியின் மனர்பா அதுவேயாதல் கூடும், உறுதி அன்று. பழைய கபாலீச்சரம் இன்றைய இடத்திற்குக் கிழக்கே சாந்தோம் கரைப்பகுதியில் இருந்தது என்பது கற்களால் பெரிதும் ஏற்புடையது. அதன் அடித்தளம் நின்ற இடத்தைக் குறித்துக் காட்டுதற்குச் சான்று கிடைத்திலது. அது கடலால் அழிந்தது என்பது நிலைநாட்டப்படவில்லை. கிடைத்துள்ள சான்றுகள் மனிதர் செயலையே மிகுதியும் சுட்டுகின்றன.

இளைய ஆய்வாளர் இதில் மேற்கொள்ளத்தக்க பணிகள் பல உள. மயிலாப்பூரிலும் சாந்தோமிலும் சிதறிய கல்வெட்டுத் துண்டுகள் அனைத்தையும், அவை கிடைத்த இடமும் ஆண்டும் குறித்து ஒரே தொகுதியாக வெளியிடல் வேண்டும். இரு துண்டுகளின் வரிகள் ஒன்றோடொன்று இணையுமாயின் அது பெரும்பயன் தரும். கரையோர மண்ணைத் துளையிட்டு ஆராயின் பழைய கரைக்கோடு புலப்படும். வீடு கட்டவும் சாலை அமைக்கவும் தோண்டும்பொழுது வெளிப்படும் கற்களை உடனே பதிவுசெய்தல் இவை எல்லாவற்றினும் இன்றியமையாதது. இடம்பெயராத கல் ஒன்று அவ்வாறு வெளிப்படும் நாளில், யாம் ஈண்டுக் கூறியவற்றுட் சில திருத்தம் பெறலாம். அத்திருத்தத்தை யாமே முதற்கண் வரவேற்போம்.